பரீட்சை எதைச் சோதிக்கிறது? – வகானோவாவின் நடனப் போதனாமுறை குறித்து ஒரு விமர்சன நோக்கு

சென் பீற்றர்ஸ்பேர்க் நகரிலே ரொஸ்ஸி என்னும் கட்டிடக் கலைஞர் வகுத்த வீதியொன்று உண்டு. அதன் அகலம் 22 மீற்றர். இரு மருங்கும் நிற்கும் கட்டிடங்களின் உயரமும் 22 மீற்றர். நீளமோ அதன் பத்து மடங்கு, 220 மீற்றர். முன்னர் தியேட்டர் வீதி என வழங்கிய இது 1923 முதல் ரொஸ்ஸியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ருஷ்யாவின் தலையாய பாலே நடனப் பாடசாலை 1836 இலிருந்து இவ்வீதியிலேயே இயங்கி வருகிறது. அளவினாற் புகழ்பெற்ற வீதியொன்றிலே, தம் உடலை நாள்தோறும் அளந்து திருத்துவதையே கல்வியாகக் கொண்ட பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக வளர்ந்து வந்திருக்கின்றனர். இது தற்செயலான பொருத்தமே, எனினும் மனங்கொள்ளத்தக்கது.

பத்து வயதளவில் இப்பாடசாலையுட் புகும் பிள்ளை எட்டு ஆண்டுகள் பயில்கிறது. ஆண்டுதோறும் பரீட்சை நடைபெறும், தேறாதோர் விலக்கப்படுவர். எட்டாம் ஆண்டின் இறுதியில் வரும் பரீட்சையே எல்லாவற்றிலும் கடினமானது. சுவரோரக் கைப்பிடிக் கட்டையைப் பற்றி நின்று செய்யும் பயிற்சிகளில் தொடங்கி, மண்டபத்தின் நடுவே நின்றாடும் மெதுவான ஆடல்கள், சுழற்சிகள், சிறிதும் பெரிதுமான பாய்ச்சல்கள், பெண்களாயின் நுனிக்கால் ஆடல் என ஒரு முழுப் பாடத்தை மாணாக்கர் தேர்வுக்குழுவினர் முன் ஆடிக் காட்டுகின்றனர். எட்டு ஆண்டுகளின் உழைப்புக்கு அந்தச் சிறுபொழுதிலே புள்ளி இடப்படுகிறது.

இப்பரீட்சை எதைச் சோதிக்கிறது? உடலின் திறனையா, ஆசிரியரின் பயிற்றலையா, அல்லது கலைஞர் ஒருவர் தோன்றிவிட்டார் என்பதையா? பரீட்சைகளாலேயே அளக்கப்பட்டுப் பல்கலைக்கழக வாயிலை வந்தடைந்த நமக்கு இவ்வினா அந்நியமானதன்று. ஆயின் இக்கட்டுரை அதனை அதற்குரிய இடத்தில் வைத்தே ஆராய முற்படுகிறது. அக்ரிப்பினா வகானோவா 1934 இல் வெளியிட்ட ‘கிளாசிக்கல் நடனத்தின் அடிப்படைகள்’ என்னும் நூலும், அதன்வழி நிலைபெற்ற போதனாமுறையுமே இங்கு விமர்சனப் பொருள்களாகின்றன.

அரண்மனையும் ஆடற்பிள்ளைகளும்

பாடசாலையின் தோற்றம் 1738 ஆம் ஆண்டுக்குரியது. ஜான் பத்தீஸ்து லாந்தே என்னும் பிரெஞ்சு நடன ஆசானின் வேண்டுகோளை ஏற்று, பேரரசி அன்னா இதனை நிறுவ ஆணையிட்டார். முதலிற் சேர்க்கப்பட்டோர் பன்னிரண்டு ஆண்பிள்ளைகளும் பன்னிரண்டு பெண்பிள்ளைகளுமாவர். அவர்கள் அரண்மனைப் பணியாளரின் மக்கள். பிரபுக்கள் கண்டுகளிக்கும் கலையைப் பணியாளரின் பிள்ளைகள் தம் உடலில் ஏற்றுப் பயின்றனர் என்னும் இம்முரண்பாடு பாலேயின் சமூக வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கான திறவுகோலாகும். தெரிவும் விலக்கலும் இங்கு கலையின் தேவையால் மட்டும் எழுந்தவையல்ல. பிள்ளையின் உணவும் உறையுளும் பிற்கால ஓய்வூதியமும் அரசவையின் செலவாக இருந்தமையால், எவரை வைத்துக்கொள்வது, எவரை அனுப்பிவிடுவது என்பது அரசவையின் கணக்காகவும் இருந்தது. பரீட்சை அக்கணக்கின் கருவியாயிற்று.

இக்கணக்கைப் பிள்ளையின் பக்கத்திலிருந்து காட்டும் நூலொன்று நமக்குக் கிடைத்துள்ளது. 1894 இல் பாடசாலையிற் சேர்ந்து 1902 இல் வெளியேறிய தமாரா கர்சாவினா, பின்னர் இலண்டனில் வாழ்ந்தபோது ஆங்கிலத்தில் எழுதி 1930 இல் வெளியிட்ட ‘தியேட்டர் வீதி’ என்னும் தன்வரலாறே அது. அனுமதித் தேர்வு நாளின் அச்சமும், மருத்துவர் முன்னிலையில் உடல் சோதிக்கப்பட்டமையும், முதலாண்டு முழுவதும் நிலைபெறுவோமா என்னும் ஐயத்துடன் கழிந்தமையும் அந்நூலிற் பதிவாகியுள்ளன. தேர்ச்சி பெற்ற சிறுமியர்க்கு இளஞ்சிவப்பு ஆடையும், அதனினும் சிறந்தோர்க்கு வெள்ளாடையும் வழங்கும் வழக்கம் இருந்ததை அவர் நினைவுகூர்கிறார். புள்ளித்தாளில் மறைந்திருக்க வேண்டிய தரம் பிள்ளையின் உடையிலேயே எழுதப்பட்டிருந்தது. உணவுக்கூடத்தில் அமரும்போதும் எவர் எத்தரத்தினர் என்பதை எல்லோரும் கண்டுகொள்ளலாம்.

கர்சாவினாவின் நூலுக்கு நான்கு ஆண்டுகளின் பின் அதே வீதியிலிருந்து வகானோவாவின் நூல் வெளிவந்தது. முன்னையது பரீட்சைக்கு உட்பட்ட பிள்ளையின் நினைவு. பின்னையது பரீட்சைக்குப் பிள்ளைகளை ஆயத்தஞ்செய்யும் ஆசிரியையின் அறிவு. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் ஒன்றின் மௌனத்தை மற்றது நிரப்புவதை அவதானிக்கலாம்.

தோல்வியிற் பிறந்த முறை

வகானோவா 1879 இல் பிறந்தவர். தந்தையார் மரீன்ஸ்கி அரங்கிலே பார்வையாளரை இருக்கைகளுக்கு வழிகாட்டும் பணியாளராக இருந்தவர். 1897 இல் பாடசாலையை விட்டு அரங்கிற் சேர்ந்த வகானோவா நெடுங்காலம் முதன்மை நிலையை எய்தவில்லை. கடினமான தனிநடனங்களை ஆடுவதில் அவருக்கு இணையில்லை என்பதால் ‘தனிநடனங்களின் அரசி’ எனப் புகழப்பட்டாரெனினும், ‘பலரீனா’ என்னும் உயர்நிலை 1915 இலேயே அவருக்குக் கிட்டியது. அடுத்த ஆண்டே அவர் மேடையிலிருந்து ஓய்வு பெற்றார். ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்பின் பயன் ஓராண்டுக்கு மட்டுமே நின்றது.

இத்தாமதத்துக்கான காரணத்தை அவர் தம்மிடத்திலும் தேடினார். தமக்குக் கிடைத்த போதனையிலும் தேடினார். அக்காலப் பாடசாலையில் மூன்று மரபுகள் ஒன்றையொன்று சந்தித்தன. முதலாவது பிரெஞ்சு மரபு. மென்மையும் நளினமும் உடையது, ஆயின் வலுவிற் குறைந்தது. சுவீடனிலிருந்து வந்த கிறிஸ்தியன் யொஹான்சன் அதனை நுட்பமாக வளர்த்தார். இரண்டாவது இத்தாலிய மரபு; உறுதியும் வேகமும் உடையது, ஆயின் இறுக்கமானது. 1880களின் பிற்பகுதியில் ருஷ்யாவுக்கு வந்த என்றிக்கோ செக்கெத்தி அதன் சிறந்த ஆசான். மூன்றாவது, இவ்விரண்டையும் உள்வாங்கித் தனக்கென ஓர் உணர்வு வெளிப்பாட்டை நாடிய ருஷ்ய மரபு. தம் சக நடனமணி ஒல்கா பிரியோப்ரஜென்ஸ்கயா செக்கெத்தியிடம் பயின்றபின் அடைந்த முன்னேற்றத்தை வகானோவா கூர்ந்து நோக்கினார். ஒரே அசைவை ஒருவர் எளிதாகவும் மற்றொருவர் இடர்ப்பட்டும் செய்வது ஏன் என்னும் வினாவே அவருடைய போதனாமுறையின் வித்தாகும்.

இதற்கோர் எடுத்துக்காட்டுக் கூறலாம். இத்தாலிய நடனமணி பியரினா லெக்னானி, 1895 இல் மேடையேறிய ‘அன்னப்பறவை ஏரி’யில் ஒரு கால்நுனியில் நின்று மற்றைக் காலைச் சாட்டைபோல் வீசி முப்பத்திரண்டு முறை தொடர்ந்து சுழன்றார். ‘புவெத்தே’ எனப்படும் அச்சுழற்சி ருஷ்ய நடனமணிகளுக்கு முதலில் ஒரு வித்தையாகவே தோன்றியது. உடல் சுழலும்போது பார்வையை ஒரு புள்ளியில் இயன்றவரை நிறுத்தி, இறுதிக் கணத்தில் தலையை விரைந்து திருப்பி மீண்டும் அதே புள்ளியைப் பற்றிக்கொள்வதே அவ்வித்தையின் உட்பொருள் என்பதைக் காலப்போக்கில் அவர்கள் கண்டுகொண்டனர். காரணம் புலப்பட்டதும் வித்தை பாடமாயிற்று. ஒருவரின் அற்புதம் ஒரு வகுப்பின் பயிற்சியாயிற்று. இன்று மேல்வகுப்பு மாணவியர் பலர் அதனைச் செய்கின்றனர்.

வகானோவா செய்ததும் இதுவே. ஓர் அற்புதத்துக்கு மட்டுமன்றி நடனத்தின் எல்லா அசைவுகளுக்கும் அவர் காரணங்களைத் தேடினார். அவருடைய நூல் நாட்பாடங்களின் வரிசையிலன்றி, அசைவுகளின் இனவரிசையில் அமைந்தது. ஓர் இனத்தின் எளிய வடிவில் தொடங்கி அதன் மிகச் சிக்கலான வடிவம்வரை படிப்படியாகச் செல்கிறது. சமநிலையின் வேர் முதுகந்தண்டு என்பதும், கைகள் அழகுக்காக மட்டும் ஏந்தப்படுபவையல்ல, சுழற்சிக்கும் பாய்ச்சலுக்கும் விசை தருபவை என்பதும் அந்நூலின் அடிப்படைக் கருத்துகளாகும். ஒரு மாணவி சுழற்சியிலிருந்து தடுமாறி விழுந்தால், மீண்டும் செய் என்று கட்டளையிடுவது பழைய முறை. முதுகு எக்கணத்தில் தளர்ந்தது, கை எவ்வளவு பிந்தி மூடியது, ஊன்றிய காலின் முழங்கால் மடிவு போதுமானதா என்று கேட்பது வகானோவாவின் முறை. மாணவியே தன் தவறின் காரணத்தைக் கூற வல்லவளாதல் வேண்டும். உடலின் கலையொன்றிலே ‘ஏன்’ என்னும் வினாவுக்கு இடந்தந்தமையே அவருடைய வரலாற்றுப் பங்களிப்பு எனலாம்.

ஆயத்தமும் மனனமும்

இம்முறையின்கீழ் மேல்நிலைப் பரீட்சைக்கு ஆயத்தஞ்செய்தல் எவ்வாறு நிகழ்கிறது என்பதை இனி நோக்குவோம். வகானோவா மரபில் ஒவ்வோராண்டுக்கும் உரிய அசைவுகள் பாடத்திட்டத்தில் வரையறுக்கப்பட்டுள்ளன. ஆயின் அவ்வசைவுகளை எவ்வாறு கோத்துத் தொடராக்குவது என்பது வகுப்பாசிரியரின் பொறுப்பு. பரீட்சைப் பாடத்தை ஆசிரியரே அமைக்கிறார். எனவே மாணாக்கரோடு ஆசிரியரும் பரீட்சைக்குட்படுகிறார் எனக் கூறுதல் மிகையன்று. தம் வகுப்பின் வலிமை எது, எவருடைய குறையை எத்தொடர் வெளிப்படுத்தும், எது மறைக்கும் என்பதை அறிந்தே அவர் அதனை அமைப்பார்.

அமைத்த பாடத்தை மாணாக்கர் நாள்தோறும் மீண்டும் மீண்டும் ஆடுகின்றனர். பியானோ இசைப்பவரும் அதே இசையை மீட்டுகிறார். நிற்கும் இடங்கள், வரிசை மாறும் கணங்கள், வணக்கம் யாவும் உறுதிப்படுகின்றன. இங்குதான் முறையின் உள்முரண்பாடு தலைதூக்குகிறது. ‘ஏன்’ என வினவிப் பயின்ற அசைவு, பரீட்சை நெருங்க நெருங்க ‘எவ்வாறு காட்டுவது’ என்பதற்கு இடம்விடலாம். மாணவி அசைவைக் கற்றவளா, அப்பாடத்தை மட்டும் கற்றவளா என்பதைத் தேர்வுக்குழு பிரித்தறிவது எளிதன்று. நூறு முறை ஒத்திகை பார்த்த ஒரு தொடரைப் பிழையின்றி ஆடுதல் திறமைதான்; ஆயின் அத்திறமை மனனத்தினின்று முற்றிலும் வேறுபட்டதன்று.

வகானோவா இவ்வாபத்தை உணர்ந்திருந்தார் என்றே கொள்ளவேண்டும். மேல்வகுப்புகளில் அவர் தொடர்களை அடிக்கடி மாற்றிப் புதிதாகக் கோத்தார். பழகிய பாதையில் உடல் தானே ஓடிவிடாமல் சிந்தனை விழித்திருத்தல் வேண்டும் என்பதே அவர் நோக்கம். நாட்பாடத்தின் இப்பண்புக்கும் பரீட்சைப் பாடத்தின் பண்புக்கும் இடையே உள்ள இடைவெளியே விமர்சகரின் கவனத்துக்குரியது. பரீட்சையில் ஒரேயொரு தொடரையேனும் அவ்விடத்திலேயே புதிதாகக் கொடுத்து ஆடச்செய்தால், கற்றவர் யார், ஒப்புவிப்பவர் யார் என்பது உடனே புலனாகும் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

ஒப்பீட்டுக்காக இன்னொரு பரீட்சை முறையையும் கூறலாம். 1920 இல் இலண்டனில் நிறுவப்பட்டுப் பின்னாளில் றோயல் அக்கடமி எனப் பெயர்பெற்ற நடனச் சங்கத்தின் நிறுவுநர்களுள் கர்சாவினாவும் ஒருவர். அச்சங்கத்தின் பரீட்சைமுறை பெரிதும் முன்கூட்டியே வகுக்கப்பட்ட பயிற்சித் தொடர்களை அடிப்படையாகக் கொண்டு வளர்ந்தது. பற்பல நாடுகளில் வாழும் மாணவர் ஒரே தொடர்களைப் பயின்று, அங்கு வரும் பரீட்சகர் முன் ஆடுவர். தலைநகரின் புகழ்வாய்ந்த ஆசிரியர் கிடைக்காத தொலைதூர மாணவிக்கு இம்முறை ஒரு நீதியை வழங்குகிறது என்பதை மறுத்தலாகாது. ஆயின் தொடரே பாடத்திட்டமாகும்போது ஆசிரியரின் ஆக்கச் சிந்தனைக்கு இடம் குறுகிவிடுகிறது. சுருங்கக்கூறின், இலண்டன் முறையில் தொடர் எங்கும் பொதுவானது. லெனின்கிராட் முறையில் இலக்கணம் பொதுவானது, தொடர் ஆசிரியருடையது. இலக்கணம் கற்றவர் புதிய வாக்கியம் அமைக்க வல்லவர் என்பதனால் பின்னையதே மேலானது. ஆயின் அமைத்த வாக்கியத்தையே ஆண்டிறுதிவரை ஒப்புவிக்கச் செய்தால் அந்த மேன்மை அழிந்துவிடும்.

பெறுபேறுகள் கூறுவன

ஒரு போதனாமுறையின் தகுதியை அதன் பாடத்திட்டத்தைக் கொண்டன்றி அதன் மாணாக்கரைக் கொண்டே மதிப்பிடல் வேண்டும். 1917 ஆம் ஆண்டுப் புரட்சியின் பின்னர், அரசவைக் கலையான பாலே புதிய சமுதாயத்துக்குத் தேவைதானா என்னும் வாதம் வலுப்பெற்றது. கல்வித்துறைக்குப் பொறுப்பாயிருந்த லுனச்சார்ஸ்கி பழைய அரங்குகளைப் பேணவேண்டும் என வாதிட்டார். பசியும் குளிரும் நிலவிய அந்நகரில் 1921 இல் வகானோவா தியேட்டர் வீதிப் பாடசாலையில் ஆசிரியையானார். 1925 இல் அவருடைய மாணவி மரீனா செமியோனவா பயிற்சி முடித்து மேடையேறியபோது, அவ்வாதத்துக்குச் சொற்களால் அன்றி ஆடலால் விடை கிடைத்தது. மூன்றாண்டுகளின் பின் 1928 இல் கலினா உலானவா வெளிவந்தார். 1931 இல் நத்தாலியா டுடின்ஸ்கயா.

இங்கு கூர்ந்து நோக்கவேண்டியது ஒன்றுண்டு. செமியோனவாவின் ஆடல் விரிந்தது, கம்பீரமானது, வெளிமுகப்பட்டது. உலானவாவின் ஆடல் அடங்கியது, உள்முகப்பட்டது, அசைவின் ஓரத்திலே உணர்வை நிறுத்துவது. ஒரே ஆசிரியை, ஒரே இலக்கணம், ஒரே பரீட்சை. ஆயின் இருவரும் ஒருவரையொருவர் ஒத்தவரல்லர். ஒழுங்கு தனித்தன்மையை அழிக்கும் என்னும் வழமையான குற்றச்சாட்டுக்கு இவ்விருவருமே மறுப்பு. முறையானது காரணத்தைக் கற்பிக்கும்போது, ஒவ்வோர் உடலும் தன் காரணத்தைத் தானே கண்டுகொள்கிறது.

இதனை முந்திய தலைமுறையின் அனுபவத்தோடும் ஒப்பிடலாம். 1899 இல் பாடசாலையை விட்டு வெளிவந்த அன்னா பாவ்லோவா மெலிந்த உடலும் மிகவளைந்த பாதமும் உடையவர். இத்தாலியரின் வலுமிக்க சுழற்சிகளைப் பின்பற்ற முயன்று அவர் வருந்தியபோது, அவற்றைப் பிறருக்கு விட்டு, தம் மென்மையையே வளர்க்குமாறு ஆசான் பாவெல் கெர்ட் அறிவுறுத்தினார் என வரலாற்றாசிரியர் கூறுவர். வலுவை மட்டும் அளக்கும் புள்ளித்தாள் ஒன்றிருந்து, அதுவே முடிவானதாகவும் இருந்திருப்பின் பாவ்லோவாவை உலகம் கண்டிராது. பரீட்சையின் எல்லையை அறிந்த ஓர் ஆசிரியர் இருந்தமையாலேயே அக்கலைஞர் தப்பினார்.

பிற்காலத்திலும் இதற்குச் சான்றுகள் உள. நத்தாலியா மக்காரவா உரிய வயது கடந்து பாடசாலைக்கு வந்தவர். குறுகிய காலத்தில் பயிற்சியை முடிக்கும் பரிசோதனை வகுப்பொன்று இருந்தமையாலேயே அவர் சேர்க்கப்பட்டு 1959 இல் வெளிவந்தார். ருடோல்ப் நுரேயெவ் 1955 இல் தம் பதினேழாம் வயதில், தொலைவிலுள்ள ஊபா நகரிலிருந்து வந்தவர். மற்றையோர் எட்டாண்டில் பெற்றதை மூன்றாண்டில் பெறவேண்டிய நிலை அவருடையது. முதலில் இடப்பட்ட வகுப்பில் அவர் பொருந்தவில்லை. அலெக்சாந்தர் புஷ்கின் என்னும் ஆசானின் வகுப்புக்கு மாற்றப்பட்ட பின்னரே அவர் மலர்ந்தார். 1958 இல் தேறினார். கவிஞரின் பெயரைத் தாங்கிய இவ்வாசான் அதிகம் பேசாதவர். தொடரின் அமைப்பினாலேயே மாணவனைத் தன் தவறைத் தானே உணரச்செய்தவர். 1967 இல் தேறிய மிகயில் பரிஷ்னிக்கோவும் அவருடைய மாணவரே. விதியைத் தளர்த்தியோரே விதியின் புகழைக் காத்தனர் என்பதை இச்சான்றுகள் உணர்த்துகின்றன.

வரலாறு தரும் இன்னொரு முரண்பாட்டையும் இங்கு குறிப்பிடலாம். 1921 இல் இதே பாடசாலையில் தேறிய ஜோர்ஜ் பலன்ஷீன், 1924 இல் நாட்டைவிட்டு வெளியேறி, 1934 இல் நியூயோர்க்கில் தம் பாடசாலையைத் திறந்தார். அவ்வாண்டிலேயே வகானோவாவின் நூலும் வெளிவந்தது. வகானோவா மரபைத் தொகுத்து உறுதிசெய்ய, பலன்ஷீன் அதனை விரைவுபடுத்தி, நீட்டி, உடைத்து, புதிதாக்கினார். ஒருவர் இலக்கணம் எழுதினார். மற்றவர் புதுக்கவிதை எழுதினார். இருவரும் ஒரே வீதியின் பிள்ளைகள். ஒரு பரீட்சை தன்னை மறுக்கவல்லவரையும் உருவாக்குமாயின் அது கல்வியின் பரீட்சையாகும்; தன்னைப் போற்றுவோரை மட்டும் உருவாக்குமாயின் அது சடங்காகும்.

நூலின் மௌனங்கள்

வகானோவாவின் நூலைப் போற்றும்போது அதன் குறைபாடுகளையும் சுட்டுதல் விமர்சகரின் கடமை. அந்நூல் அசைவின் இலக்கணத்தைக் கூறுகிறது. அசைவு எதைக் கூறவேண்டும் என்பதைப் பெரிதும் கூறாது விடுகிறது. 1931 முதல் 1937 வரை லெனின்கிராட் பாலேக் குழுவின் கலை இயக்குநராக இருந்தவர் வகானோவா. 1933 இல் ‘அன்னப்பறவை ஏரி’யைப் புதிய விளக்கத்தோடு மேடையேற்றியவர். கலையின் உள்ளடக்கம் பற்றிய காரசாரமான விவாதங்கள் நிகழ்ந்த காலமும் அதுவே. அவ்விவாதங்களின் நடுவே நின்ற ஒருவர் தம் பாடநூலில் உருவத்தோடு நின்றுவிட்டமை தற்காப்பாகவும் இருக்கலாம், தெளிவான முடிவாகவும் இருக்கலாம். எதுவாயினும், உருவத்தைப் பரீட்சிக்கும் நாளொன்றும், உணர்வைக் காட்டும் நாளொன்றுமாக இரண்டும் பிரிந்து நின்றன. முன்னையது மண்டபத்தில் நடைபெறும் பரீட்சை. பின்னையது அரங்கில் நடைபெறும் பட்டமளிப்பு ஆடல். புள்ளி முன்னையதற்கே உரியது. மக்கள் நினைவில் நிற்பதோ பின்னையது.

மற்றைய மௌனம் இதனினும் கனமானது. ஆண்டுப் பரீட்சைகளில் விலக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றி நூலில் எதுவுமில்லை. பாடநூலில் அதை எதிர்பார்ப்பதும் முறையன்று. ஆயின் செமியோனவாவையும் உலானவாவையும் எண்ணி வியக்கும் வரலாறு, அவர்களோடு அதே கட்டையைப் பற்றி நின்று ஐந்தாம் ஆண்டிலோ ஆறாம் ஆண்டிலோ வெளியேறியோரை எண்ணாதுவிடுதல் நேர்மையன்று. வளர்ச்சிப் பருவத்தில் உயரம் கூடுவதும், எடை கூடுவதும், இடுப்பு மூட்டு போதிய அளவு புறந்திரும்பாமையும் பிள்ளையின் குற்றங்கள் அல்ல. உழைப்பால் திருத்தவியலாத ஒன்றுக்காக ஒரு பிள்ளை தோற்றதாகக் கூறப்படும்போது, அங்கு சோதிக்கப்பட்டது கல்வியன்று, பிறப்பேயாகும். அரண்மனைப் பணியாளரின் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்த கலை, உடலின் பெயரால் வேறொரு கதவை மூடிவைத்திருக்கிறது. அக்கதவை முற்றாகத் திறத்தல் இக்கலையில் இயலாதிருக்கலாம். ஆயினும் அதனூடாக வெளியேறுவோர்க்குக் கல்வியும் மதிப்பும் உரிய வழியும் அளித்தல் பாடசாலையின் கடனாகும். இளஞ்சிவப்பு ஆடையையும் வெள்ளாடையையும் பற்றி எழுதிய கர்சாவினாவின் நூல் இக்கடனை மறைமுகமாக நினைவூட்டுகிறது.

நம் மரபோடு ஒரு தொடர்பு

தியேட்டர் வீதியின் தாக்கம் நம் மொழியினரின் நடனத்தையும் ஓரளவு தொட்டதுண்டு. 1920களின் பிற்பகுதியில் பாவ்லோவாவைச் சந்தித்த ருக்மிணி தேவி அருண்டேல், பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றார். சொந்த நாட்டின் நடனத்தை நாடுமாறு பாவ்லோவா அவரை ஊக்கினார். பின்னர் பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் பயின்று 1935 இல் மேடையேறிய ருக்மிணி தேவி, 1936 இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். நட்டுவனார் வீட்டிலும் பரம்பரை ஆடற்பெண்டிரிடத்திலும் வாழ்ந்த கலை, பாடத்திட்டமும் ஆண்டுவகுப்பும் சான்றிதழும் கொண்ட நிறுவனத்துட் புகுந்த காலம் அது. அடவுகள் வரிசைப்படுத்தப்பட்டுத் தெளிவாயின. அதேவேளை அக்கலையைக் காத்துவந்த குலத்தினர் பலர் அதன் வாயிலுக்கு வெளியே நின்றனர். ஒரு கலை வீட்டிலிருந்து பாடசாலைக்குப் பெயரும் எவ்விடத்தும், எவர் உள்ளே வருகின்றனர், எவர் வெளியேறுகின்றனர், எதற்குப் புள்ளி இடப்படுகிறது என்னும் மூன்று வினாக்களும் எழவே செய்யும் என்பதை இத்தொடர்பு காட்டுகிறது. இதனைவிட மிகுதியாக இரு மரபுகளையும் ஒன்றுபடுத்திக் கூறுதல் பொருந்தாது.

முடிவுரை

வகானோவா 1951 இல் மறைந்தார். 1957 இல் பாடசாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1991 இல் நகரின் பெயர் லெனின்கிராட் என்பதிலிருந்து மீண்டும் சென் பீற்றர்ஸ்பேர்க் ஆயிற்று. அவ்வாண்டிலேயே சோவியத் ஒன்றியமும் கலைந்தது. அரசுகள் மாறினும் பிள்ளைகள் கட்டையைப் பற்றி நின்று முதலாவது முழங்கால் மடிவைத் தொடங்குவதும், ஆண்டிறுதியில் தேர்வுக்குழு அமர்வதும் மாறவில்லை.

இப்பரீட்சை எதைச் சோதிக்கிறது என்னும் தொடக்க வினாவுக்கு நாம் கூறக்கூடிய விடை இதுதான். அது ஓர் உடல் ஓர் இலக்கணத்தை எவ்வளவு ஏற்றுக்கொண்டது என்பதைச் சோதிக்கிறது. இது சிறிய செயலன்று. அவ்விலக்கணமின்றி உலானவா இல்லை. ஆயின் இலக்கணத்தை ஏற்றவர் அதன் காரணத்தை அறிந்தாரா என்பதை இன்றைய வடிவில் அது முழுமையாகச் சோதிப்பதில்லை. அதை அறிய முற்பட்டதே வகானோவாவின் வாழ்நாள் உழைப்பு. அவர் மேடையில் பிந்தி அடைந்த உயர்வை எந்தப் புள்ளித்தாளும் முன்னறிந்து கூறவில்லை. வகுப்பறையில் அவர் அடையப்போகும் பெருமையையும் கூறவில்லை. தாம் தடுமாறியதன் காரணத்தை அவர் தேடினார். அத்தேடலைத் தம் மாணவியர்க்குக் கற்பித்தார். அவர் பெயரால் நடைபெறும் பரீட்சை அத்தேடலுக்குப் புள்ளி இடுமாயின் அவர் முறைக்கு உண்மையானதாகும். தடுமாறாமையை மட்டும் கண்டு புள்ளி இடுமாயின், அவர் எதிலிருந்து மீளப் பாடுபட்டாரோ அந்தப் பழைய முறைக்கே அது திரும்பிச் சென்றதாகும்.